எழுபத்தெட்டில் கிரோய்ஃப் ஏன் போகவில்லை

மாகாண அணிக்கு ஆள் எடுக்கிற மெட்சுக்கு நான் ஏன் வரவில்லை என்பதற்குக் கண்டியில் பல கதைகள் ஓடின. எதிர்க் கழகத்திடம் கை நீட்டி வாங்கிவிட்டேனாம். பயந்துவிட்டேனாம். ஆபீசில் லீவு தரவில்லையாம், அதை வெளியே சொல்ல வெட்கமாம். எல்லாவற்றிலும் நன்றாக ஓடியது கடைசிக் கதைதான்: ஒரு கிழவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு த்ரீவீலரில் ஏறிப் போனேன் என்பது. அதில் பாதி உண்மை. ஏறிப் போனேன்தான்.

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் சமதரை என்று எதுவும் கிடையாது. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் சரிவாக ஒரு வெளி இருந்தது. பந்து கால் தவறினால் தேயிலைக்குள் உருண்டு, தண்ணி ஓடுகிற கான் வழியே ஆற்றுக்கே போய்விடும். எடுக்கப் போனவளுக்கு அட்டைக்கடியும் அம்மாவின் அடியும் நிச்சயம். அதனால் பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொள்ளப் பழகினேன். பேராதனையில் படிக்கப் போனபோது பல்கலைக்கழக அணிக்கு என்னை எடுத்தவர்கள் இதை ஏதோ பெரிய வித்தை போலப் பேசினார்கள். ஆறு பக்கத்தில் இருந்தால் எவளுக்கும் வரும்.

பட்டம் கிடைத்தது. எங்கள் தோட்டத்தில் முதல் பெண் பட்டதாரி என்று கோயில் திருவிழாவில் மாலை போட்டார்கள். பிறகு கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பட்டதாரிப் பயிலுநர் வேலை. தோட்டத்து ஆட்கள் யாராவது வந்தால் அவர்கள் சொல்வதைச் சிங்களத்தில் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். மற்ற நேரம் என் பக்கம் ஒருவரும் திரும்புவதில்லை. தேத்தண்ணி ஊற்றுகிறவர் வராத நாட்களில் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தோட்டத்துப் பிள்ளையாம், எனக்கு நன்றாக வருமாம். ஒருநாளும் ஊற்றியதில்லை.

ஆக, அந்த மெட்ச் எனக்கு விளையாட்டு மட்டும் அல்ல. என் பெயரைச் சொல்லி, நான் செய்கிற ஒன்றுக்காக ஒருத்தர் என்னை எடுக்கப்போகிற இடம். போகம்பரை மைதானத்தில் வெள்ளிக்கிழமை பின்னேரம். தெரிவுக்குழு வருகிறது. எங்கள் கழகத்தை நடத்துகிற ராஜலிங்கம் சேர், டவுனில் இரும்புக்கடை வைத்திருப்பவர், என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "தங்கச்சி, நடுவில ஒங்களப் பாக்கத்தான் அவங்க வர்றாங்க. கோல்ல றமீஸா. மத்த ஒன்பது பேரும் சும்மா ஓடினாப் போதும்."

றமீஸாவும் நானும் கட்டுக்கலையில் ஒரே போர்டிங் அறை. அலவத்துகொடைக்காரி. கை முழுக்க மூடின ஜேர்சி, தலையில் இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணி. கோலில் நின்றால் மலை. வீட்டில் அவள் கணக்கியல் படிக்கிறாள் என்று மட்டும்தான் தெரியும். படிக்கிறாள்தான். பின்னேரங்களில் என்ன செய்கிறாள் என்பது வீட்டுக்குத் தெரியாது. அவள் சப்பாத்தும் கையுறையும் என் கட்டிலுக்கு அடியில், என் பெட்டிக்குள் இருக்கும், உம்மா திடீரென்று வந்தால் என்ன செய்வது என்று. மெட்ச் மாதம் முழுக்கப் பின்னேர வகுப்பு, அடுத்த மாதம் சோதினை என்று வீட்டுக்குச் சொல்ல நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் கதை கட்டினோம்.

அவள் வாப்பா சாஹுல் ஹமீது. மிளகு, கராம்பு வாங்கி விற்கிறவர். மாதத்தில் ஒருதரம் மாசிச் சம்பலும் வட்டிலப்பமும் கொண்டுவருவார். பெண்பிள்ளைகள் இருக்கிற போர்டிங் என்று கேட்டைத் தாண்டி ஒருநாளும் காலடி வைத்ததில்லை. மகள் வெளியில் என்றால் என்னிடம் கொடுத்து, "ரெண்டு பேரும் தின்னுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஆபீசுக்கு லீவு. றமீஸா விடியவே பயிற்சிக்குப் போய்விட்டாள். நான் முற்றத்தில் ஜேர்சி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டில் அவர். கையில் பார்சல் இல்லை.

"மகள் ஈக்கிறாவா?"

"கிளாசுக்குப் போய்ட்டா அங்கிள்."

"நல்லம்" என்றார். "நான் ஒங்களப் பாக்கத்தான் வந்த."

நெஞ்சில் ஏதோ இருக்கிறதாம். படத்தில் தெரிகிறதாம். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து ஒரு துண்டு எடுக்கப்போகிறார்களாம். துணைக்கு ஓர் ஆள் இல்லாவிட்டால் செய்யமாட்டார்களாம், மயக்க மருந்து கொடுக்கிறபடியால்.

"வீட்ல சொல்லலியா?"

"ஊட்டுல செல்லினா அடுத்த ஊட்டுக்குக் கேக்கும். அஸர் தொழுகைக்கு முந்தி முழு அலவத்துகொடைக்கும் தெரியும். அங்க இருந்து மகள்ட காதுக்குப் போக எவ்வளவு நேரம்? அடுத்த மாசம் சோதினை செல்லிக்கொண்டு ஈக்கிறா புள்ள. மனசு ஒடஞ்சிரும்."

நாங்கள் கட்டின சோதினை. அதை இவர் நெஞ்சில் சுமந்துகொண்டு நிற்கிறார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எத்தன மணிக்கு முடியும்?"

"பகலைக்கு முந்தி முடிஞ்சிரும் செல்லினாங்க."

பகலைக்கு முந்தி, மத்தியானத்துக்குள் என்றால் எனக்கு நேரம் இருக்கிறது. சப்பாத்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அதில் என்ன என்று அவர் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தாதி என்னைப் பார்த்து "துவத?" என்றாள். மகளா என்று கேட்கிறாள். நான் வாயைத் திறக்கும் முன்னே அவர் "ஒவ், ஒவ்" என்று தலையாட்டிவிட்டார். என் நெற்றியில் பொட்டு. அவர் தலையில் தொப்பி. தாதி ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கில் உட்கார்ந்தோம். முதல்நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணி படவில்லை அவர் வாயில். பயந்திருந்தார். பயந்தவர்கள் ஒன்றில் பேசமாட்டார்கள், இல்லாவிட்டால் நிறுத்தமாட்டார்கள். இவர் இரண்டாவது ரகம்.

"ஒங்களுக்கு யோஹான் கிரோய்ஃப் தெரியுமா புள்ள?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகள் ஏதாவது உளறிவிட்டாளா? இல்லை. அவர் தன்பாட்டில் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேள்விப்பட்டிருக்கேன். புட்போல்காரன். ஹொலண்ட்."

"அவனுக்கும் இதுதான்" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "போன வருஷம் மௌத்து. என்ன மாதிரித்தான், சிகரட். நெஞ்ச வெட்டித் தச்ச பொறகுதான் விட்டான். அதுக்குப் பொறகு மெட்ச் நடக்கக்குள்ள வாயில குச்சி இனிப்பு. பெரிய கோச்சு, சின்னப்புள்ள மாதிரி அத உறிஞ்சிக்கொண்டு நிப்பான்."

அவர் இளமையில் அக்குறணைப் பக்கம் ஒரு கழகத்துக்கு விளையாடியவராம். எழுபத்துநாலு உலகக் கிண்ண இறுதி நடந்தபோது இங்கே டிவி என்ற பேச்சே இல்லை. பேப்பரில் மங்கலாக வந்த ஒரு படத்தை வெட்டிக் கடைப் பலகையில் ஒட்டினாராம். பத்து வருஷம் கழித்துச் சவூதிக்கு ட்ரைவர் வேலைக்குப் போன இடத்தில், தங்குமிடத்தில் யாரோ வைத்திருந்த கெசட்டில்தான் அந்த மனிதன் ஓடுவதை முதல்முதலாகக் கண்டாராம்.

"கெசட் தேயத் தேயப் பாத்த. மெட்ச் தொடங்கி ஜேர்மன்காரன்ட கால்ல பந்து படவே இல்ல. அதுக்குள்ள இவன் உள்ளுக்குப் பூந்து, அவனுகள் விழுத்தாட்டி, பெனல்டி. ஒண்டுக்குப் பூச்சியம். அப்பிடியும் தோத்தானுகள். ரெண்டுக்கு ஒண்டு."

"முதல்ல அடிச்சிட்டுப் பிறகு ஆட்டம் காட்டியிருப்பாங்க."

"அதேதான்!" தொடையில் அடித்தார். "ஒங்களுக்கு வெளங்குது. எங்கட வீட்டுல ஒருத்தருக்கும் வெளங்காது."

கிரோய்ஃபின் வாப்பாவுக்கு மரக்கறிக் கடை, மைதானத்துக்குக் கிட்ட வீடு, அவனுக்குப் பன்னிரண்டு வயதில் வாப்பா மௌத்து, உம்மா அவன் விளையாடின கிளப்பிலேயே கூட்டித் துடைக்கப் போனது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். என் வாய் சும்மா இருக்குமா?

"மகன் பேரெடுத்ததும் அம்மா கூட்டினத எழுதுவாங்க. பேரெடுக்காத பிள்ளைங்களோட அம்மாமாரும் கூட்டிட்டுத்தான் இருக்காங்க. அத எவன் எழுதுறான்?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்க நேரம் எடுத்தது. "கோவக்காரி. அவனும் அப்பிடித்தான். முழு டீமுக்கும் ஜேர்சில மூணு கோடு. இவன் வேற சப்பாத்துக் கம்பனிக்காரன்ட்ட கையெழுத்துப் போட்டிருந்த. அதனால இவனுக்கு மட்டும் ரெண்டு கோடு. நாட்டுக்கு வெளாடுற ஜேர்சி புள்ள! ஒத்தக் கோட்ட எடுக்கவச்சிட்டான்."

"திமிர்."

"திமிர்தான். கடைசில அவன வளத்த கிளப்பே வயசு போயிட்டு செல்லிச்சு. எதிர்க் கிளப்புக்குப் போய் அந்த வருஷமே கிண்ணத்தத் தூக்கிக் காட்டினான்."

மணி பகல் தாண்டிவிட்டது. டொக்டருக்கு அவசரமாக வேறு ஒரு நோயாளி, விபத்தாம். ஒருவரையும் குறை சொல்ல வழியில்லை. பள்ளிவாசலில் ஜும்மாத் தொழுகைக்கு அழைக்கிற சத்தம் ஜன்னல் வழியே வந்தது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஜும்மாவும் போயிட்டு. கேட்டா டவுன் பள்ளியில தொழுத செல்லணும்" என்றார். இன்னொரு பொய் ரெடி. வீட்டிலுள்ள எல்லோரும் எல்லோரையும் காப்பாற்றப் பொய்தான் சொல்கிறார்கள்.

மூன்று மணியாகியும் உள்ளே கூப்பிடவில்லை, அவர் எழுபத்தெட்டைச் சொன்னார். அடுத்த உலகக் கிண்ணம், ஆர்ஜன்டீனாவில். உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரன் போகவில்லை. "பொண்டாட்டி உடல்ல எண்டாங்க. அங்க ராணுவ ஆட்சி, அதுக்கு எதிர்ப்பு எண்டாங்க. காசுக்குச் சண்ட எண்டாங்க. எங்கட கடையில ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு கதை. நானும் ஒண்டு கட்டின."

"உண்மை என்ன?"

"முப்பது வருஷம் கழிச்சு ரேடியோ ஒண்டுல அவனே செல்லினான். பார்சிலோனாவுல ஊட்டுக்குள்ள ஆள் பூந்து, தலையில துவக்க வச்சு, அவனையும் பொண்டாட்டியையும் கட்டிப்போட்டிருக்கான். புள்ளகள் ஊட்டுக்குள்ள. கடத்திக்கொண்டு போகப் பாத்திருக்கான். தப்பிட்டாங்க. அதுக்குப் பொறகு புள்ளகள் ஸ்கூலுக்குப் போறதும் பொலிஸ் காவலோட. அப்பிடி ஈக்கக்குள்ள ஊட்ட உட்டுட்டு எந்த மனிசன் பந்தடிக்கப் போவான்?"

"முப்பது வருஷம் ஏன் சொல்லல?"

"செல்லினா யாருக்கு நல்லம்?"

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. திரையில் றமீஸா. அவரும் கண்டுவிட்டார்.

"மகளா? எடுங்க எடுங்க. நான் ஈக்கிற செல்ல வேணாம்."

எடுத்தேன்.

"ஏய், எங்கடி நிக்கிற? சேர் கத்துறார்! எல்லாரும் உடுத்தியாச்சு!" பின்னால் விசில், பிள்ளைகளின் கூச்சல்.

"வர்றேன். கொஞ்சம் சுணங்கும்."

"சுணங்குமா? பைத்தியமா ஒனக்கு? தெரிவுக்குழு வந்து குந்தியாச்சு!"

"சரி சரி. நீ கவனமா எழுது." போனை வைத்தேன்.

"எங்க ஈக்கிறா? விசில் சத்தம் கேக்குது?"

"கிளாசுக்குப் பக்கத்துல ஸ்கூல் கிரவுண்ட் அங்கிள்."

"ஓ" என்றார். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

அப்போதுதான் தாதி வந்து அவர் பெயரைக் கூப்பிட்டாள். தொப்பி, கைக்கடிகாரம், பேர்ஸ் எல்லாவற்றையும் என் மடியில் வைத்துவிட்டு, கதவுக்குள் போகும் முன் திரும்பிப் பார்த்தார். இருக்கிறேனா என்று.

கதவு மூடியது. நான் எழுந்து, சப்பாத்துப் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன். த்ரீவீலர்கள் வரிசையில் நின்றன. போகம்பரை கூப்பிடு தூரம். இரண்டாம் பாதிக்காவது இறங்கலாம். இறங்கினால் போதும், இரண்டு பந்து காலில் கிடைத்தால் போதும், அவர்களுக்கு என்னைத் தெரிந்துவிடும். ஒரு ட்ரைவர் தங்கை முறை வைத்து "எங்க நங்கி?" என்றான். அவருடைய தொப்பி என் கையில் இருந்தது. மயக்கம் தெளிந்து எழும்பும்போது அவரிடம், ஒங்கட மகள் போய்ட்டா என்று தாதி சொல்வாள். அதை நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது.

"எங்கயும் இல்ல" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன். ராஜலிங்கம் சேருக்கு, வர முடியாது என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போனை நிறுத்தினேன்.

தொண்டை மரத்தது தீரும்வரை தண்ணி குடிக்கவும் விடவில்லை, வெளியே போகவும் விடவில்லை. இருவரும் வெளியே வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அவரால் நேராக நடக்க முடியவில்லை. கையைப் பிடித்து த்ரீவீலரில் ஏற்றினேன். பஸ் நிலையம்வரை என் தோளில் சாய்ந்துகொண்டே வந்தார். அரை மயக்கத்தில், கரகரத்த குரலில் ஏதேதோ பேசினார்.

"இப்ப பொம்புளப் புள்ளயளும் வெளாடுறாங்கதானே. டிவில பாக்கிற. வடிவா வெளாடுதுகள். எங்கட ஊருல ஒரு புள்ள வெளாடினா நான் போய்ப் பாப்பேன். ஊரு என்ன கல்லால அடிக்கும். அடிச்சா வாங்க முந்தி பலம் ஈந்திச்சு. இப்ப இல்ல."

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஒங்க மகள் இந்த நேரம் இரண்டு கம்பத்துக்கு நடுவில் நின்று முடித்திருப்பாள், போய்ப் பாருங்கள் என்று. இப்போது பலம் இல்லை என்கிறார். நெஞ்சில் துண்டு வெட்டி எடுத்த அன்றைக்கு அதையும் எப்படிக் கொடுப்பது? வாயை மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று.

எங்கள் அணியின் சீதா அந்த நேரம் மைதானத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாளாம்.

மெட்ச் சமன். பெனல்டியில் எங்கள் கழகம் வென்றது. றமீஸா இரண்டு பந்து பிடித்தாள். மாகாண அணிக்கு அவளை எடுத்துவிட்டார்கள். நடுவில் விளையாட எதிர்க் கழகத்துப் பிள்ளை ஒருத்தியை எடுத்தார்கள். அன்றைக்கு இரவு றமீஸா என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கவனமா எழுது செல்லினியே, அது என்ன பகிடி?" நான் எழுந்து விளக்கை அணைத்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு ராஜலிங்கம் சேரின் கடைக்குப் பின்னால் கூட்டம். ஆணி மூட்டைகளுக்கு நடுவில் கதிரைகள் போட்டு அணி முழுவதும் உட்கார்ந்திருந்தது.

"தங்கச்சி, நான் ஒங்கள அடிக்கவா போறேன்? காரணம் சொல்லுங்க. எழுதி அனுப்புறேன். தெரிவுக்குழுவுல தெரிஞ்ச ஆள் இருக்கார். இன்னொரு தடவ பாக்கச் சொல்லிக் கேக்கலாம்."

"சொல்ல ஒண்ணுமில்ல சேர்."

"ஒண்ணுமில்லாமலா ஒரு பிள்ள இப்பிடி மெட்ச உடும்?" அவர் தொண்டையைச் செருமினார். "சீதா ஒரு ஆளப் பாத்திருக்கா."

யாரோ பின்னால் களுக் என்று சிரித்தார்கள். "அப்பாவா இருக்கும்" என்றாள் ஒருத்தி. என் அப்பா மலையில் மரம் விழுந்து செத்தவர். அது அவளுக்கும் தெரியும்.

"நானும் கேக்கிறன்" என்றாள் றமீஸா. எழுந்து நின்றாள். "எங்கட டீமுக்கு முன்னால கேக்கிறன். யாரு அந்த ஆள்?"

அவளுக்கு வாப்பாவின் அதே கண். கேள்வி கேட்டால் இமை தட்டாத கண். இவ்வளவு நாள் எனக்கு அது தெரியாமல் போனதுதான் ஆச்சரியம். ஒரு சொல் சொன்னால் போதும், இந்தக் கூட்டம் முழுவதும் என் காலில் விழும். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவளுக்கு யாழ்ப்பாணத்தில் நடக்கப்போகிற போட்டியும் இல்லை, மாகாண அணியும் இல்லை. நேரே வீட்டுக்கு ஓடுவாள். அங்கே போனால், எங்கே இருந்து ஓடி வந்தாய், யார் சொன்னது என்று ஒவ்வொன்றாக வெளியில் வரும்.

"தெரிஞ்ச ஆள்" என்றேன்.

"தூ" என்றாள். துப்பவில்லை. சொல் மட்டும்தான்.

அந்தப் பருவம் முழுக்க என்னை நிறுத்திவைத்தார்கள். றமீஸா சாமானை எடுத்துக்கொண்டு சீதாவின் போர்டிங்குக்குப் போனாள். என் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்து தன் கையுறையை எடுத்தபோது என் சப்பாத்து வெளியே விழுந்தது. அதைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

கதை மலையும் ஏறியது. அம்மா போன் எடுத்தது.

"என்னா புள்ள, யாரோ கெழவன்னு சொல்றாங்க லயத்துல. படிச்ச புள்ள. எனக்குத் தல நிமிர முடியல."

"நீ நம்புறியாம்மா?"

"நம்புறேனா இல்லயான்னு எவ கேக்குறா? மடுவத்துல கொழுந்து நிறுக்கயில எல்லாவளும் என்னயப் பாக்குறாளுக."

ஆபீஸ் முடிந்தால் முன்பு நேரே மைதானம். இப்போது போக இடம் இல்லை. குளத்தைச் சுற்றி நடப்பேன். காதலர்கள் குடைக்குள் உட்கார்ந்திருப்பார்கள், வெளிநாட்டுக்காரர்கள் படம் பிடிப்பார்கள். நான் யாருக்கும் குறுக்கே போகாமல் ஓரமாக நடப்பேன். மைதானப் பக்கம் விசில் கேட்டால் வேறு ரோட்டால் திரும்பிவிடுவேன். பேசாமல் முழு வார இறுதியும் போன நாட்கள் உண்டு. திங்கட்கிழமை ஆபீசில் வாயைத் திறந்தால் குரல் வராது, முதல் சொல்லை இருமிவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

போனில் கிரோய்ஃபைப் பற்றித் தேடி வாசித்தேன். அவர் சொன்னதெல்லாம் சரிதான். எனக்கு அந்த மனிதன்மீது கோபம்தான் வந்தது. முப்பது வருஷம் வாய் மூடியிருந்தானாம். இருப்பான். கூடக் கட்டுண்டு கிடந்த பொண்டாட்டிக்கு உண்மை தெரியும், வாசலில் நின்ற பொலிசுக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் பொய் சொல்லத் தேவையில்லாத ஒரு வீடு இருந்தது அவனுக்கு. எனக்குத் தெரிந்ததைத் தெரிந்த ஒரே ஆள் ஒரு நோயாளி. அவருக்கும் பாதிதான் தெரியும்.

ரிசல்ட் நாங்கள் பயந்ததுதான். வீட்டில் நெஞ்சுச் சளி என்று சொல்லிவிட்டார். மருந்து ஏற்றுகிற நாட்களில் திகனவுக்கு மிளகு பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கண்டிக்கு வருவார். பகல் வார்ட்டில் காலையில் ஊசி ஏற்றிப் பின்னேரம் அனுப்புவார்கள். நான் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். மெட்சைப் பற்றியோ கூட்டத்தைப் பற்றியோ அவருக்கு ஒன்றும் தெரியாது. "மகள் இப்ப போன் எடுக்கிறதும் கொறவு. ஒங்களோட கோவமா?" என்று ஒருதரம் கேட்டார். "படிக்கிறா அங்கிள்" என்றேன்.

மாகாணங்களுக்கிடையிலான போட்டி யாழ்ப்பாணத்தில். மத்திய மாகாணமும் வடக்கும் மோதின நாளும் மருந்து நாளும் ஒன்றாக வந்தது. றமீஸா வீட்டுக்குக் கொழும்பில் ட்ரெயினிங் என்று சொல்லியிருந்தாள். அவர் கையில் ஊசியோடு கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் சத்தத்தைக் குறைத்துப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஓர் இளைஞன் மைதான ஓரத்தில் நின்று நேரலையாகப் போட்டுக்கொண்டே கத்திக்கொண்டிருந்தான். எனக்குப் பதிலாக நடுவில் நின்ற பிள்ளைக்குப் பந்து காலில் நிற்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் என் கால் கட்டிலுக்குக் கீழே தானாக அசைந்தது.

"என்ன பாக்கிற புள்ள?"

விழித்துவிட்டார். மறைக்க நேரம் இல்லை. தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தார்.

"புட்போல்! பொம்புளப் புள்ளயளா? இங்கால திருப்புங்க."

திருப்பினேன். என்னத்துக்குத் திருப்பினேன் என்று தெரியாது. களைத்துப்போயிருந்தேன். சிறிய திரையில் ஆட்கள் எறும்பு மாதிரி. வடக்குப் பிள்ளை ஒருத்தி தனியாகப் பந்தோடு உள்ளே வந்தாள். கோலில் நின்ற கறுப்புத் தலைத்துணி முன்னால் பாய்ந்து பந்தோடு விழுந்தது.

"பிடிச்சிட்டா! ஓம், றமீஸா பிடிச்சிட்டா! என்ன கோல்கீப்பர் அப்பா இவள், கண்டிப் பிள்ளை!" நேரலைக்காரன் அலறினான்.

அவர் அசையவில்லை. திரையில் அவள் எழுந்து, தலைத்துணியை இழுத்துச் சரிசெய்து, பந்தைத் தரையில் ஒருதரம் தட்டினாள். அது யார் என்று ஒரு தகப்பனுக்குக் கிட்ட வைத்துக் காட்டத் தேவையில்லை.

"அப்ப இதுதான் சோதினை" என்றார்.

போனை அவருக்கு நேரே பிடித்துக்கொண்டேன். மெட்ச் முடியும்வரை கண் எடுக்காமல் பார்த்தார். மத்திய மாகாணம் தோற்றது, ஒன்றுக்குப் பூச்சியம். அவள் தவறு இல்லை. அப்படி ஒரு பந்தை எவராலும் தடுக்க முடியாது. மருந்துப் போத்தல் முடியப்போகிற நேரத்தில் கேட்டார்:

"அண்டைக்கு விசில் சத்தம் கேட்டிச்சே."

"ம்."

"நீங்களும் வெளாடுறதா?"

"வெளாடினேன்."

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எவ்வளவு மெதுவாக விளங்கியது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. என் கையைப் பிடிக்க வந்து, தன் கையில் ஊசி குத்தியிருந்ததால் பாதியில் நிறுத்தினார். ஏதோ சொல்லப்போகிறார், எனக்காக ஒரு சொல், என்று நான் காத்திருந்தேன். காத்திருந்தேன்தான்.

"நான் பாத்த செல்ல வேணாம் புள்ள. பயந்துருவா."



"மாட்டேன்."

"என்ன?"

"மாட்டேன் அங்கிள். ஒங்க நோவ அவகிட்ட சொல்லாம வச்சிருக்கேன். அவ வெளாட்ட ஒங்ககிட்ட சொல்லாம வச்சிருக்கேன். இப்ப நீங்க பாத்ததையும் வச்சிருக்கணுமா? ஒங்க வீட்டு ரகசியத்தையெல்லாம் பூட்டி வைக்க நான் அலுமாரியா? அவ டீமுக்கு முன்னால எழும்பி நின்னு, எந்தக் கிழவனோட போனன்னு எங்கிட்ட கேட்டா. ஒங்க மகள். என்னக் கேட்டா!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அழைத்தேன். றமீஸா துண்டித்தாள். மறுபடி அழைத்தேன். இந்த முறை எடுத்தாள். பின்னால் பஸ்ஸின் இரைச்சல்.

"என்னத்துக்கு எடுக்கிற? தோத்தத கேக்கவா?"

போனை அவர் கையில் திணித்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்தான் மகள்" என்றார் போனுக்குள்.

நான் வெளியே வந்துவிட்டேன்.

நடைபாதையில் ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரத்தில் மிதிக்காமல் சுவரோடு ஒட்டிப் போய் வாங்கில் உட்கார்ந்தேன். கதவு முழுதாகச் சாத்தவில்லை. பிறகு அவர் அழுவது கேட்டது. பிறகு போனிலிருந்து அவள் அழுவது, அவ்வளவு தூரத்துக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் குரல் தெளிந்து, "பந்து வரக்குள்ள கோட்டுலயே நிக்கிற நீங்க, ரெண்டு அடி முன்னுக்கு வாங்க" என்றது. அதற்கு அவள் ஏதோ எதிர்த்துச் சொல்ல, அவர் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்.

என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறார்களா என்று காதைக் கொடுத்துப் பார்த்தேன். கேட்டிருப்பார்கள். கேட்பாள். நாளைக்கு ராஜலிங்கம் சேரும் போன் எடுப்பார். முந்தியே சொல்லியிருக்கலாமே தங்கச்சி என்பார். மாகாண அணி பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது, நான் இல்லாமல். அதை இனி எவர் சொல்லியும் திருப்ப முடியாது.

எழும்பிப் போகலாம் என்று பார்த்தேன். போன் அவர் கையில். உள்ளே போய்க் கேட்டு வாங்க மனம் வரவில்லை. தரை துடைத்தவள் என் காலுக்குக் கீழே துடைக்க வந்து, கொஞ்சம் தூக்குங்கள் என்று கையால் காட்டினாள். இரண்டு காலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேச்சு நிற்கிற மாதிரி இல்லை.